கை பட்ட இடம்

அவன் ஏறினால் பஸ்ஸில் ஒரு இருக்கையாவது காலியாகும். யாரும் மரியாதைக்காக எழுந்திருப்பதில்லை, தப்பிப்பதற்காக எழுந்திருப்பார்கள். முதலில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுருக்குவார். அப்புறம் காலைத் தூக்கிச் செருப்பின் அடியைப் பார்ப்பார், வரும் வழியில் எதையாவது மிதித்துவிட்டோமா என்று. அங்கே ஒன்றும் இல்லை என்றதும் சந்தேகம் முன்சீட்டுக் கிழவர் மேல் போகும். கிழவரும் தன் பங்குக்குச் செருப்பைப் பார்ப்பார். கடைசியில்தான் எல்லாக் கண்களும் அவன் மேல் வந்து நிற்கும். மூக்கு, செருப்பு, கண். பதினான்கு வருஷமாக இந்த ஊர்வலம் வரிசை மாறாமல் நடக்கிறது. காலியான இருக்கையில் அவன் உட்கார்ந்ததே இல்லை. பின்படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் மேல் படுகிற காற்று அப்படியே வெளியே போகிற மாதிரி நின்றுகொள்வான். நாற்றத்தைச் சுமக்கிறவனுக்கும் ஒரு நாகரிகம் உண்டல்லவா.

தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. லாரியிலிருந்து வந்து இறங்கும்போது அதைத் தோல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உப்பும் ரத்தமும் சாணியும் கொழுப்புமாக, மடித்துப்போட்ட ஈரப் போர்வை மாதிரி தொப்பென்று விழும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினால் முடியெல்லாம் கரைந்து, சாம்பல் நிறத்தில் கூழாகி, மேலே குமிழ் விட்டு மிதக்கும். அந்தக் கூழை முதல் நாள் பார்த்தவன் ஒரு வாரத்துக்குக் கஞ்சி குடிக்கமாட்டான். நாற்றம் எப்படி என்று கேட்டால், அழுகின முட்டையைச் சாக்கடைத் தண்ணீரில் வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அவன் வேலை தொட்டிப் பக்கம் இல்லை. கோடியில், வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே, தரம் பிரிக்கிற மேஜை. எல்லாம் முடிந்து சுத்தமாக வருகிற தோலை விரித்துப்போட்டு, அதன்மேல் வலது கட்டைவிரலை ஓட்டுவான். இது உண்ணி கடித்த குழி. இது முள்கம்பி கிழித்தது. இது உரிக்கும்போது கத்தி இறங்கியது. எந்தக் குறை மாட்டுக்கு வந்தது, எந்தக் குறை மனுஷன் வைத்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவான். அதனால் அங்கே அவனுக்குப் பெயரே கட்டைவிரல்தான். முதல் தரம் என்று லேசில் போடமாட்டான், கஞ்சப் பயல் என்று மேஸ்திரி திட்டுவார். ஆனால் நாற்றத்துக்கு மேஜை வேலை, தொட்டி வேலை என்ற பேதம் தெரியாது. வாசலைத் தாண்டுகிற எல்லாருக்கும் சமமாகப் பங்கு உண்டு. மயிர்க்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை வாளி ஊற்றினாலும் லேசாகச் சிரிக்கும்.

கல்யாணமான புதிதில் அவன் மனைவி, "மூணு மாசத்துல மூக்கு பழகிருச்சுங்க" என்று சொன்னாள். அதை அவன் காதல் கடிதம் மாதிரி மனசில் மடித்து வைத்திருந்தான். கர்ப்பமானபோது பழகின மூக்கு கட்சி மாறிவிட்டது. தெருமுனையில் அவன் திரும்பும்போதே இவள் வாந்தி எடுக்க வாஷ்பேசினுக்கு ஓடுவாள்.

குழந்தை பிறந்த இருபதாவது நாள் பார்க்க வந்தவள், மனைவியின் அக்கா. பெரிய கடை ஒன்றில் வாசனைத் திரவியக் கவுன்ட்டரில் நிற்பவள். அவள் வந்துபோன அறையில் அரை மணி நேரத்துக்கு அவள் இருந்துகொண்டே இருப்பாள். வீட்டில் எல்லாரும் அவளை 'வாசனை' என்றுதான் சொல்வது, அவள் காதில் விழாதபோது. அன்று அவன் வேலை முடிந்து வந்து, குளித்து, கையை இரண்டு முறை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போனான். வாசனை கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டிரும்."

"குளிச்சிட்டுதான் வர்றேங்க்கா."

"குளிச்சீங்க, தெரியுது. தண்ணிதான் செலவு." கைப்பையிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்தாள். கடைக்கு வருகிறவர்கள் அடித்துப் பார்ப்பதற்காக வைக்கிற பாட்டில், முக்கால்வாசி இருந்தது. "கழுத்துல ரெண்டு பக்கம், முழங்கை மடிப்புல, நெஞ்சுல. கையில வேணாம், கைய எப்படியும் கழுவிக்கிட்டே இருப்பீங்க. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அமுக்கு. அப்புறம் தூக்குங்க பிள்ளைய."

அவன் ஒரு அமுக்குக்கு மூன்று அமுக்காக அமுக்கினான். யோசித்துப் பார்த்தால், தகப்பன் ஆனதற்கு நுழைவுச்சீட்டு மாதிரிதான் அது. அன்றிலிருந்து தினமும் தொழிற்சாலையில் ஒரு குளியல், வீட்டில் ஒரு குளியல், பிறகு கழுத்து, முழங்கை, நெஞ்சு. அப்புறம்தான் குழந்தை. தோலும் பூவும் சேர்ந்து, செத்த மாட்டுக்கு மாலை போட்டது போல ஒரு வாடை வரும். ஆனால் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. பாட்டில் தீர்ந்தால் வாசனை அடுத்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். மனசு நல்ல மனசு, அதில் குறை சொல்ல முடியாது.

இரண்டு மாதம் முடிந்ததும் கன்னத்தில் ஆரம்பித்தது.

முதலில் வெறும் சிவப்பு. "குளிர்க்காத்து பட்டிருக்கும்" என்றார்கள். சிவந்தது பொடிப்பொடியாகக் கிளம்பியது. கிளம்பியது உடைந்தது. உடைந்ததிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்து, காய்ந்து, தேன் கொட்டிக் காய்ந்த மாதிரி பொருக்குத் தட்டியது. அந்தப் பொருக்கைக் குழந்தை தலையணையில் வைத்துத் தேய்க்கும். தேய்த்த இடத்தில் உறை ஒட்டிக்கொள்ளும். காலையில் கன்னத்தையும் உறையையும் வெந்நீர் தொட்டுத்தொட்டுப் பிரிக்கவேண்டும். குழந்தை வீரிட்டு அழும். நகம் படாமல் இருக்க இரண்டு கைக்கும் காலுறையை மாட்டிவிட்டார்கள். குத்துச்சண்டைக்குத் தயாராகிற மாதிரி அது நாள் பூராவும் காற்றில் குத்திக்கொண்டிருந்தது.

பதினான்கு வருஷம் மாட்டுக் கொழுப்புக்கும் சவ்வுக்கும் அசையாத வயிறு அவனுடையது. கூழ்த்தொட்டிக்கு முன்னால் நின்று வாழைப்பழம் சாப்பிடுகிறவன். ஒரு நாள் காலை அந்த உறையைப் பிரித்து எடுத்து, அதிலிருந்த ஈரப் பொருக்கையும் அதன் புளித்த வாடையையும் கண்டபோது குமட்டிக்கொண்டு வந்தது. பேசினில் போய் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் ஒரு முகம். சொந்தப் பிள்ளையைப் பார்த்து வாந்தி எடுத்த முகம். அதற்கு இன்னொரு வாந்தி வரும் போல இருந்தது.

அடுத்த வீட்டுத் தையல்கார அம்மா ஒரு நாள் கொஞ்ச வந்தாள். "என் செல்லமே" என்று கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். மூக்கு லேசாகச் சுருங்கியது. பிறகு, தொடாத விரல்களைத் தன் உடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ஒட்டுமா இது?" என்றாள்.

"ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க" என்றாள் மனைவி.

"சொல்லுவாங்க" என்றபடி அந்த அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

வாசலில் நின்ற அவன் எல்லாவற்றையும் பார்த்தான். மூக்கு, கை, பின்வாங்கல். பஸ் ஊர்வலம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நாலு மாதக் குழந்தைக்குத் தன் சொத்திலிருந்து முதல் பங்கைக் கொடுத்தாகிவிட்டது என்று தோன்றியது.

டாக்டரிடம் மூன்று முறை போனார்கள். போனார்கள் என்றால் மனைவியும் வாசனையும் உள்ளே போனார்கள். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் முப்பது குழந்தைகள், ஒரே ஒரு மின்விசிறி. தான் நுழைந்தால் முப்பது தாய்மார்களும் குழந்தைகளின் பின்பக்கத்தை மோந்து பார்ப்பார்கள் என்று பயந்து அவன் வெளியே மரத்தடியில் நின்றான். உள்ளே டாக்டரம்மா கேட்டது எல்லாம் குழந்தையைப் பற்றி, தாயைப் பற்றி. குழந்தைக்கு என்ன சோப்பு, என்ன பவுடர், துணி எதில் துவைக்கிறீர்கள். மனைவி வாசனையில்லாத சோப்பு வாங்கினாள், பவுடரைத் தூக்கிப் போட்டாள், துணியை நாலு தண்ணீரில் அலசினாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தாய்ப்பால் வழியாக ஏதாவது போகிறதா பார்ப்போம் என்று, முட்டையை நிறுத்தினார்கள். பிறகு பால். பிறகு கடலை, மீன். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது வேகவைத்த பூசணிக்காய். காலையில் பூசணி, மத்தியானம் சோறும் பூசணியும், ராத்திரி காலையில் மிஞ்சின பூசணி. ஆறு வாரம். உப்பு மட்டும் போட்ட அந்த மஞ்சள் குழையலைப் பார்த்தாலே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"இதுல பொருக்கு மட்டும்தாங்க இல்ல" என்றாள் ஒரு நாள், தட்டைத் தள்ளிவிட்டு. "மத்தபடி நிறம், பதம் எல்லாம் அவ கன்னம் மாதிரியே இருக்கு."

அவனும் தன் தட்டைத் தள்ளிவிட்டான்.

வாசனை அந்த வாரம் வந்து தீர்ப்புச் சொன்னாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, எதிலும் படாமல்.

"நான் வெளிப்படையாச் சொல்றேன் தம்பி. மருந்து மாத்தியாச்சு, சாப்பாடு மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணுதான்."

"என்னங்க்கா?"

"உங்க தோல் ஃபேக்டரி. அந்தக் காத்து. அந்த அழுக்கு உங்க மேல ஏறி வருது, பிள்ளை மேல இறங்குது. சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன். தாயும் பிள்ளையும் எங்கூட இருக்கட்டும், ஒரு ஆறு மாசம்."

"ஆறு மாசமா?"

"சரியாகட்டும், கூட்டிட்டு வந்துக்கலாம். இல்ல, நீங்க வேற வேலை பாருங்க."

"கட்டைவிரலுக்கு வெளிய யாரு அக்கா வேலை குடுப்பா?"

அவன் சிரிப்பு மூட்டத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. மனைவி குழந்தையின் காலுறைக் கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டான்.

"நான் என்ன சொல்றது? சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது. எங்க போனா நிக்குமோ அங்க போகணும்."

"ஆறு மாசத்துல என் முகமே மறந்துரும்."

"முகம் மறக்கும். நாத்தம் மறக்குமான்னுதான் தெரியல" என்றாள் வாசனை. அவள் பக்கத்து நகைச்சுவை அது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டிரம்காரரிடம் சொன்னான். டிரம்காரர் என்றால், வீடு உயரத்துக்கு உருளுகிற மரப் பீப்பாய்களில் தோலைப் போட்டு, தண்ணீரும் எண்ணெயும் ஊட்டுகிறவர். முப்பது வருஷ சர்வீஸ். மூக்கு என்ற உறுப்பு அவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்ட மட்டும்.

"எனக்கு மூணு பிள்ளைங்க" என்றார் டிரம்காரர், வாயில் ரொட்டியோடு. "மூணையும் இந்தக் கையாலதான் தூக்கினேன். ஒண்ணுக்கும் ஒரு சொறி வரல. மூத்தவ இப்ப கல்யாணமாகிப் போயி, என்னைப் பாத்தா ரெண்டு அடி தள்ளி நின்னு பேசுறா. அது வேற."

"அப்ப இதனால இல்லைங்கிறீங்களா அண்ணே?"

"எனக்கு எப்படிடா தெரியும்? தோல் பாக்குறவன் நீ. நல்ல வெளிச்சத்துல போட்டுப் பாத்தியா?"

"குழந்தையவா?"

"பின்ன, உன் மச்சினியவா?"

அவனுக்குச் சுருக்கென்றது. குழந்தை பிறந்து ஐந்து மாதமாகப் போகிறது. கசிகிற இடத்தைப் பார்த்திருக்கிறான், பார்த்து முகத்தைத் திருப்பியிருக்கிறான், வாந்தி எடுத்திருக்கிறான். ஊரான் மாட்டுத் தோலை அரை மணி நேரம் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பவன், மகளை ஒரு முறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. அருவருப்பு என்று இத்தனை நாள் மற்றவர்கள் மூக்கிலிருந்ததைத்தான் நினைத்திருந்தான். அது அவன் கண்ணிலும் உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அன்று விடுப்பு. குழந்தையின் உடுப்பையெல்லாம் கழற்றி, ஜன்னலோரம் மேஜையில் துண்டை விரித்துக் கிடத்தினான். வெயில் நேராக விழாத வெளிச்சம், தொழிற்சாலை மேஜையில் கிடைக்கிற அதே வெளிச்சம். காலுறைக் கைகள் இரண்டும் அவனைப் பார்த்துக் குத்தின.

"என்ன பண்றீங்க? குளிருமே" என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்."

கையைக் கழுவி, வெந்நீரில் சூடாக்கிக்கொண்டு, கட்டைவிரலை வைத்தான். முதல் நிமிஷம் குமட்டியது. விழுங்கிக்கொண்டான். இரண்டாவது நிமிஷம் விரல் தன் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்துவிட்டது. இடது கன்னம் ரணம். வலது கன்னம் சிவப்பு, ஆனால் பொருக்கு இல்லை. ஏன்? பூச்சி என்றால், சாப்பாடு என்றால், காற்று என்றால் இரண்டு கன்னத்துக்கும் ஒரே மாதிரிதானே வரவேண்டும்? பிடரியில் பட்டையாக ஒரு ரணம், மூன்று விரல் அகலத்தில், ஓரம் வெட்டினது மாதிரி. வலது தோளிலும் விலாவிலும் பொடிப்பொடியாக. வயிற்றில் வட்டமாக. இடது விலா சும்மா வறண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓரம் இருக்கிற குறை தானாக வருவதில்லை. அது அவன் தொழிலில் முதல் பாடம். ஓரம் இருந்தால் எதுவோ பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

குழந்தையைத் திருப்பிப் போட்டான். முதுகெல்லாம் சொரசொரவென்று வறண்டு, வெளுத்து இருந்தது. நடுவில் மட்டும் ஒரு இடம், வழுவழுவென்று, பிறந்த அன்றைக்கு இருந்தபடி. அதன் உருவம் எங்கேயோ பார்த்த உருவம். அவன் தன் வலது கையை அதன்மேல் வைத்தான். விரல்வரை பொருந்தியது.

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். இடது கன்னம் கழுத்தில் வந்து படிந்தது. வயிறு நெஞ்சில் படிந்தது. இறக்கி மடியில் ஏந்தினான். பிடரி அவன் இடது முழங்கை மடிப்பில் போய் உட்கார்ந்தது, செருப்புக்குள் கால் போவது மாதிரி. வலது விலா நெஞ்சோடு ஒட்டியது. கழுத்து, முழங்கை, நெஞ்சு. கையில வேணாம், கைய எப்படியும் கழுவிக்கிட்டே இருப்பீங்க.

பதினான்கு வருஷம் தோல் தொட்ட கை. அது பட்ட இடம் மட்டும்தான் சுத்தமாக இருந்தது.

"ஏய்" என்றான். "இங்க வா."

"வண்டி வந்துருச்சு போல."

"வண்டி கிடக்குது. வா."

வாசல் கதவு திறந்தது. வாசனை முன்னால் வந்தது, பின்னால் வாசனை வந்தாள். அவன் இருவரையும் ஜன்னலோரம் நிறுத்தி, குழந்தையைத் தூக்கியும் இறக்கியும் திருப்பியும் காட்டினான். தொழிற்சாலைக்கு வருகிற வியாபாரிகளுக்குக் காட்டுவதைப் போல, இது இங்கே, அது அங்கே என்று. மேலே அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

குழந்தை "ங்ங்" என்றது.

"என் சென்ட்டா?" என்றாள் வாசனை. "ஒரிஜினல் தம்பி அது. எத்தனை பேர் போட்டுக்கிட்டுப் போறாங்க, யாருக்காவது ஏதாவது வந்திருக்கா?"

"அவங்க அத போட்டுக்கிட்டு அஞ்சு மாசக் குழந்தைய கழுத்துல போட்டுக்கலையே அக்கா."

"ஒரு அமுக்குன்னுதானே சொன்னேன்?"

"மூணு அமுக்கினேன்."

"மூணா? ஒரு இடத்துக்கா?"

"சில நாள் நாலு."

மனைவி பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். குழந்தையின் பிடரியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆறு வாரம்" என்றாள்.

"என்னது?"

"ஆறு வாரம் பூசணிக்கா தின்னேன்." குரல் ஏறியது. "முட்டை தின்னல, பால் குடிக்கல, வாய்ல ருசின்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு. நான் தின்ன ஏதோ ஒண்ணுதான் என் பிள்ளைய இப்படி அரிக்குதுன்னு, ஒவ்வொரு வாய்க்கும் என்னையே திட்டிக்கிட்டுத் தின்னேன். நீங்க தினம் சாயங்காலம் மாப்பிள்ளை மாதிரி சென்ட் அடிச்சுக்கிட்டு நின்னீங்க!"

"நீங்கல்லாம் மூக்கப் பிடிச்சீங்க, அதனாலதான்..."

"பிடிச்சா? பிடிச்சா என்ன? மூக்குதானே, பிடிச்சிட்டுப் போகுது! டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் உள்ளயே வரலையே."

"ஏன் வரல?"

அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். வாசனை பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அதிலும் சென்ட் இருந்தது ஞாபகம் வந்து சட்டென்று உள்ளே வைத்துக்கொண்டாள்.

கட்டின பெட்டி கட்டினபடி கிடக்க, வந்த வண்டியில் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவன் சென்ட் போடாமல் போனான். காத்திருப்பு அறையில் முப்பது தாய்மார்களும் குழந்தைகளின் பின்பக்கத்தை மோந்து பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே நடந்தது, ஆனால் அதனால் யாரும் செத்துவிடவில்லை.

டாக்டரம்மா மெலிந்த, களைத்த பெண். அவன் நுழைந்ததும் அவளுக்கும் மூக்கு ஒரு கணம் சுருங்கி, படித்த படிப்பினால் நேரானது. பாட்டிலைப் பார்த்தாள், பிடரியைப் பார்த்தாள், அவன் காட்டின உள்ளங்கை அடையாளத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இத யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான் டாக்டர். தோல் பாக்குறதுதான் வேலை. மாட்டுத் தோல்."

"சரிதான்" என்றாள். "பிறக்கும்போதே இவளுக்குத் தோல் நொய்மை. அது முழுக்கப் போயிடும்னு சொல்லமாட்டேன். ஆனா நீங்க எரியிறதுல எண்ணெய் ஊத்திட்டு இருந்திருக்கீங்க. இன்னையோட வாசனை எதுவும் கூடாது. தூக்குறவங்க எல்லாருக்கும்தான். வேலை உடுப்ப அங்கயே மாத்திட்டு, வாசனை இல்லாத சோப்புல குளிச்சிட்டு வாங்க."

"அப்பவும் நாறும் டாக்டர்."

"நாறட்டும். குளிச்ச பிறகு இருக்கிற நாத்தம் அவ தோலை ஒண்ணும் பண்ணாது. நம்ம மூக்கைத்தான் பண்ணும்." பிறகு மனைவியைப் பார்த்து, "நீங்க முட்டை சாப்பிடுங்க" என்றாள். மனைவி மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

முன்பு எழுதிக்கொடுத்த களிம்பை எப்படிப் பூசுகிறார்கள் என்றும் கேட்டாள் டாக்டரம்மா. குளிப்பாட்டி, பொட்டு ஈரம் இல்லாமல் அழுத்தித் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூசுவதாக மனைவி பெருமையோடு சொன்னாள்.

"காயவிடாதீங்க. மிதமான சூட்டுத் தண்ணியில அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. ஈரம் இருக்கும்போதே பூசிருங்க. அப்பதான் தண்ணி உள்ள நிக்கும்."

அவன் சிரித்துவிட்டான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல டாக்டர்... காய்ஞ்ச தோலுக்கு எண்ணெய் ஏறாது, ஈரத்துலதான் ஊட்டணும்னு எங்க டிரம்காரர் தினம் கத்துவாரு. வீட்ல இப்படிக் காயவெச்சுப் பூசுறாங்கன்னு நான் பாக்கவே இல்ல. பூசுற நேரம் முகத்தத் திருப்பிக்குவேன்."

அன்றிலிருந்து குளிப்பாட்டுவதும் பூசுவதும் அவன் வேலை ஆனது. களிம்பு ஒரு மகா அசிங்கம். வெள்ளையாக, பிசுபிசுவென்று, மெழுகுவர்த்தியை யாரோ மென்று துப்பின மாதிரி. குழந்தைக்குப் பூசினால் அவன் மீசையிலும் கதவுப் பிடியிலும் குழந்தையின் காதுக்குள்ளும் இருக்கும். எண்ணெய் தேய்த்த மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் அவளைத் துண்டோடு அள்ளிப் பிடிக்கவேண்டும். பொருக்கு ஊறி, களிம்போடு சேர்ந்து, விரலில் மஞ்சளாகத் திரண்டு வரும். குமட்டல் வரும். அவன் விழுங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவான். பத்து நாளில் விழுங்கவேண்டிய தேவை குறைந்தது. மூன்றாவது வாரம் பிடரியில் கட்டைவிரலை ஓட்டினபோது ஓரம் எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

வாசனை நாலாவது வாரம் வந்தாள். கடையிலிருந்து நேராக வராமல் வீட்டுக்குப் போய்த் தலைகுளித்து, சாதாரணச் சோப்பில் துவைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு. வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணும் போடல தம்பி. பஸ்ல வந்தேன், வேர்த்துருச்சு. எனக்கே என்னைப் பிடிக்கல."

"உள்ள வாங்கக்கா. இங்க நீங்கதான் மணக்கிறீங்க" என்றான் அவன்.

அவள் முதல் முறையாக நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் மறுபடி டாக்டரிடம் போகவேண்டிய நாள். அவனுக்குக் காலை ஷிஃப்ட். தொழிற்சாலை வாசலில் இருக்கிற நிறுத்தத்துக்கே மனைவி குழந்தையோடு வந்துவிட்டாள். அவன் குளித்து, உடுப்பு மாற்றி, ஈரத் தலையோடு வந்து சேர்ந்தான். பஸ் வந்தது. உள்ளே நிற்க இடமில்லை. கைக்குழந்தையோடு ஏறினவளைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே முக்கியமாக ஏதோ தெரிந்தது.

அவன் வழக்கம்போலப் பின்படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினான்.

"ஏங்க!" மனைவியின் குரல் பஸ் பூராவும் கேட்டது. "அங்க ஏன் நிக்கிறீங்க? இங்க வாங்க."

"இருக்கட்டும்."

"வாங்கன்னா."

கூட்டத்துக்குள் நெளிந்து வந்தான். அவன் வருகிற வழியெல்லாம் கூட்டம் தானாக இளகியது. அவள் பக்கத்தில் வந்து நின்றதும், மூன்று எண்ணுவதற்குள் ஜன்னலோர ஆளின் மூக்கு சுருங்கியது. இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கவேண்டும் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் அதே ஞாபகம்.

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் நின்றான்.

"உட்காருங்க."

"வேணாம்மா. எல்லாரும்..."

"உட்காருங்க. பதினாலு வருஷமா சம்பாதிச்ச சீட்டு."

உட்கார்ந்தான். அவள் குழந்தையைத் தூக்கி அவன் தோளில் போட்டாள். இடது கன்னம் கழுத்தில் வந்து படிந்தது. அவன் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தான். காதோரம் நகம் பட்டு ஒரு சின்னக் கீறல். மேஜையில் என்றால் இரண்டாம் தரம்தான் போட்டிருப்பான். குழந்தை அவன் சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டு, நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி சப்பியது. எச்சில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

மனைவி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஒரு மூச்சு இழுத்தாள். "அய்ய, என்ன நாத்தங்க இது. செத்தது பொழைச்சு வந்த மாதிரி." சொல்லிவிட்டு, அவன் பக்கம் நன்றாக நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

முன்சீட்டில் ஒரு பெரியவர் மூக்கைச் சுருக்கினார். குனிந்தார். வலது காலைத் தூக்கிச் செருப்பின் அடியைப் பார்த்தார். இடது காலைத் தூக்கப் போனார்.

மனைவி எட்டி அவர் தோளைத் தட்டினாள்.

"செருப்புல ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றாள். "எங்க வீட்டுக்காரர்."